4கே விளையாட்டுக் கணினி: கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் ஒரு கணக்கு

சென்னைக்கு ரிச்சி தெருவும் பெங்களூருக்கு எஸ்.பி. சாலையும் எப்படியோ, தில்லிக்கு நேரு பிளேஸ் அப்படி. தில்லி வளர்ச்சி ஆணையம் தென் தில்லியில் உருவாக்கிய இந்த வணிக மையத்தில், பல மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கல் பாவிய திறந்தவெளி. அதைச் சுற்றிலும் மேலும் கீழும் கணினிக் கடைகள். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற 2010 அக்டோபரில் மெட்ரோவின் ஊதா வழித்தடம் இங்கு வந்த பிறகு, துவாரகையிலிருந்தும் மயூர் விகாரிலிருந்தும் வருவோருக்குப் பயணம் எளிதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமை நடக்க இடமிராது.

ஒரு காலத்தில் இங்கு வந்தவர்கள் அலுவலகக் கணக்குக்கும் தட்டச்சுக்கும் கணினி வாங்கினார்கள். இன்று வரும் இளைஞர்களில் பலர் கேட்பது 4கே திரையில் விளையாடத்தக்க கணினி. அத்தகைய கணினியின் விலையில் பெரும்பகுதியை விழுங்குவது கிராஃபிக்ஸ் கார்டு என்னும் ஒரே உறுப்பு. பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தனிநபர் கடன் கிடைக்குமா என்று கேட்டுக் கிளைக்கு வரும் பெற்றோரை நாம் பார்க்கிறோம். அப்பட்டியலில் உள்ள எண்களும் எழுத்துகளும் அவர்களுக்குப் புரிவதில்லை. கடன் தவணை மட்டும் புரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் துணைபுரிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கார்டுக்கு முன் திரை

கணினித் திரையில் தோன்றும் படம் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. பல வீடுகளில் உள்ள முழு எச்.டி. திரையில் அகலவாக்கில் 1,920, உயரவாக்கில் 1,080 என மொத்தம் 20,73,600 புள்ளிகள் உள்ளன. அடுத்த படியான 1440 திரையில் 36,86,400 புள்ளிகள். 4கே திரையில் அகலம் 3,840, உயரம் 2,160. ஆக 82,94,400 புள்ளிகள். அதாவது முழு எச்.டி. திரையைப் போல் சரியாக நான்கு மடங்கு.

திரைப்படத்தில் ஒவ்வொரு காட்சியும் முன்னரே பதிவாகியிருக்கிறது. விளையாட்டிலோ, ஆடுபவர் திரும்பும் திசைக்கேற்ப ஒவ்வொரு காட்சியையும் அந்தக் கணத்திலேயே புதிதாக வரைய வேண்டும். நொடிக்கு 60 காட்சிகள் என்று கொண்டால், 4கே திரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி புள்ளிகளின் நிறத்தைக் கணித்துத் தர வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் செய்வதே கிராஃபிக்ஸ் கார்டு. திரை பெரிதானால் வேலை பெரிதாகிறது. வேலைக்கேற்ப விலையும் ஏறுகிறது.

ஆகவே எந்தக் கார்டு என்று கேட்பதற்கு முன் எந்தத் திரை என்று கேட்பதே முறை. முழு எச்.டி. திரையை வைத்துக்கொண்டு 4கே விளையாட்டுக்குரிய கார்டை வாங்குவது, இரண்டு பேர் உள்ள வீட்டுக்குக் கல்யாணச் சமையல் அண்டா வாங்குவது போன்றது. 27 அங்குல மேசைத் திரையில் 1440 துல்லியமே ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 109 புள்ளிகளைத் தருகிறது. 4கே 163 புள்ளிகளைத் தருகிறது. வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அவ்வேறுபாட்டுக்காக இரண்டேகால் மடங்கு புள்ளிகளை வரைய வேண்டியிருக்கிறது என்பதையும் உடன் எண்ண வேண்டும். 32 அங்குலத்திலும் அதற்கு மேலும் உள்ள திரைகளிலும், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும்போதும் 4கே தன் மதிப்பை நன்கு காட்டும்.

திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதும் முக்கியம். 60 ஹெர்ட்ஸ் திரையில், கார்டு 140 காட்சிகளை வரைந்தாலும் நொடிக்கு 60 முறைதான் படம் மாறும். 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் காண விரும்புவோர், திரையிலும் கார்டிலும் எச்.டி.எம்.ஐ. 2.1 அல்லது அதற்கு இணையான டிஸ்பிளே போர்ட் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. 2.0 இணைப்பு 4கே படத்தை 60 ஹெர்ட்ஸ் வரைதான் முழுத் தரத்தில் கடத்தும்.

நினைவகம் எவ்வளவு?

கார்டின் மீதே தனியாக நினைவகம் உண்டு. விளையாட்டில் தோன்றும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்கள் அதில்தான் ஏற்றப்படுகின்றன. அது நிரம்பிவிட்டால் கணினியின் பொது நினைவகத்திலிருந்து தரவைக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். முழு எச்.டி. திரைக்கு 8 ஜி.பி. இன்றும் ஓரளவு போதும். 1440 திரைக்கு 12 ஜி.பி. பொருத்தம். 4கே திரைக்கு 16 ஜி.பி.க்குக் குறையாமல் பார்ப்பது நல்லது. ஒரே பெயரில் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இரு வகைகள் விற்கப்படுவதும் உண்டு. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பெயரை மட்டும் பாராமல் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள நினைவக அளவையும் படிக்க வேண்டும்.

மறுபக்கம், நினைவகம் மிகுதியாக இருப்பதாலேயே கார்டு வேகமானதாகிவிடாது. பழைய தலைமுறைக் கார்டைக் காட்டி, இதில் நினைவகம் அதிகம் என்று கடைக்காரர் சொன்னால் சற்று நிதானிப்பது நலம்.

சந்தையில் இருப்பவை

இத்துறையில் மூன்று நிறுவனங்களே உள்ளன. 1993இல் தொடங்கப்பட்ட என்விடியா, 2006இல் ஏ.டி.ஐ. நிறுவனத்தை வாங்கி இத்துறைக்குள் வந்த ஏ.எம்.டி., 2022இல் ஆர்க் வரிசையுடன் தனிக் கார்டுச் சந்தையில் இறங்கிய இன்டெல். இவர்கள் உருவாக்கும் சில்லைப் பெற்று, விசிறியும் உறையும் சேர்த்து ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், சோட்டாக், சஃபையர் போன்ற நிறுவனங்கள் கார்டாக விற்கின்றன. ஒரே சில்லைக் கொண்ட இரு கார்டுகளுக்கிடையே வேகத்தில் பெரிய வேறுபாடு இராது; விசிறியின் ஓசையிலும் விளக்கின் அழகிலும் விலையிலும் இருக்கும். வண்ண விளக்குக்காக மட்டும் பல ஆயிரம் கூடுதலாகத் தர வேண்டியதில்லை.

என்விடியா 2025 ஜனவரியில் தன் 50 வரிசையை அறிவித்தபோது இந்தியாவுக்குக் குறித்த தொடக்க விலைகள் இவை: 12 ஜி.பி. கொண்ட ஆர்.டி.எக்ஸ். 5070 ரூ.59,000, 16 ஜி.பி. கொண்ட 5070 டி.ஐ. ரூ.80,000, 16 ஜி.பி. கொண்ட 5080 ரூ.1,07,000, 32 ஜி.பி. கொண்ட 5090 ரூ.2,14,000. ஏ.எம்.டி. 2025 மார்ச்சில் வெளியிட்ட ரேடியான் ஆர்.எக்ஸ். 9070, 9070 எக்ஸ்.டி. ஆகிய இரண்டும் 16 ஜி.பி. நினைவகத்துடன் இவற்றுக்குப் போட்டியாக வந்தன. கடையில் சொல்லும் விலை இருப்புக்கேற்ப ஏறி இறங்கும். எனினும் தொடக்க விலை கையில் இருந்தால் பேரத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும்.

4கே திரையில் நிறைவாக ஆட 5070 டி.ஐ., 9070 எக்ஸ்.டி. ஆகியவற்றின் நிலை போதுமானது. அதற்குத் துணையாக நிற்பது படத்தைப் பெரிதாக்கும் நுட்பம். என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 2018இலும், ஏ.எம்.டி.யின் எஃப்.எஸ்.ஆர். 2021இலும் அறிமுகமாயின. இவற்றின் உயர்தர முறையில், கார்டு உண்மையில் வரைவது 1440 துல்லியத்தில்தான். அதை 4கே அளவுக்கு விரித்துத் தருகிறது மென்பொருள். பெரும்பாலான கண்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. இரு காட்சிகளுக்கிடையே புதிய காட்சிகளைத் தானே உருவாக்கிச் செருகும் நுட்பமும் உண்டு. விளம்பரங்களில் காணும் பெரிய எண்கள் பல அதனால் வருபவை. அடிப்படை வேகம் குறைவாக இருந்தால் அச்செருகல் பயன் தராது. ஆடுபவரின் கைக்கும் திரைக்கும் இடையே தாமதம் தெரியும். எனவே, செருகல் இல்லாத எண்ணைக் கேட்டு ஒப்பிடுவதே சரி.

பொறியியல் படிக்கும் மாணவர், விளையாட்டோடு இயந்திரக் கற்றல் பாடத்துக்கும் இதே கணினியைப் பயன்படுத்துவார் என்றால், அத்துறை மென்பொருள்கள் பெரிதும் சார்ந்துள்ள குடா என்னும் அமைப்பு என்விடியா கார்டுகளில் மட்டுமே உண்டு என்பதையும் கருத வேண்டும். விளையாட்டு மட்டுமே நோக்கம் எனில், இன்னொரு வழியும் உண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் ரூ.49,990க்கு அறிமுகமானது, பின்னர் ரூ.54,990 ஆயிற்று. வீட்டில் 4கே தொலைக்காட்சி இருந்தால், ஒரு கார்டின் விலைக்கும் குறைவாக முழுக் கருவியே கிடைத்துவிடும்.

விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

கார்டுக்கு ஏற்ற எஸ்.எம்.பி.எஸ். வேண்டும். 5070 கார்டுக்கு 650 வாட், 5070 டி.ஐ.க்கு 750 வாட், 5080க்கு 850 வாட், 5090க்கு 1,000 வாட் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. பட்டியலில் மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ். என்ற இடத்தில் மலிவான ஒன்றைச் செருகுவது வழக்கம். அதில் மிச்சம் பிடிக்கும் இரண்டாயிரம் ரூபாய், எண்பதாயிரம் ரூபாய்ப் பொருளை ஆபத்தில் வைக்கும். 2022இல் வெளிவந்த 4090 கார்டின் 16 ஊசி மின் இணைப்பு சில இடங்களில் உருகியதாகச் செய்திகள் வந்தன. இணைப்பு முழுமையாகச் செருகப்படாதது ஒரு காரணம் என்று என்விடியா விளக்கியது. கடையிலேயே பொருத்தினாலும், வீட்டுக்கு வந்ததும் அந்த இணைப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள கார்டு பழைய கேபினெட்டில் நுழையாது என்பதையும் அளவுநாடா கொண்டு முன்பே அறியலாம்.

அடுத்தது மின்கட்டணம். 300 வாட் கார்டு கொண்ட கணினி, திரையும் சேர்ந்து, விளையாட்டின்போது ஏறத்தாழ 500 வாட் இழுக்கும் என்று கொள்வோம். நாளுக்கு 4 மணி நேரம் ஆடினால் 2 யூனிட். மாதத்துக்கு 60 யூனிட். வேறு ஊரில் இது சில நூறு ரூபாய்க் கணக்கு. தில்லியில் கணக்கு வேறு. 2019 ஆகஸ்டில் வந்த மானியத் திட்டப்படி, வீட்டு இணைப்புகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணம் இல்லை. 201 முதல் 400 யூனிட் வரை பாதிக் கட்டணம், 800 ரூபாய் வரம்புக்குள் மானியமாகக் கிடைக்கிறது. 400ஐத் தாண்டினால் மானியமே இல்லை. மார்ச், அக்டோபர் போன்ற மாதங்களில் 350 யூனிட் செலவிடும் வீடு, இந்த 60 யூனிட்டால் 410 ஆகும். கூடுதல் மின்சாரத்தின் விலையோடு மானியமும் போகும். அவ்வாறே 160 யூனிட்டில் நிற்கும் சிறிய வீடு 220 ஆகிக் கட்டணமில்லா வரம்பை இழக்கும். கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக அறைக்குள்ளேயே வருகிறது. தில்லியின் மே, ஜூன் மாதங்களில் அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனப் பெட்டிக்கும் கூடுதல் வேலை.

பில் வேண்டுமா, வேண்டாமா?

நேரு பிளேஸில் விலை பேசி முடிந்ததும் எழும் கேள்வி இது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. வரியும் சேர்த்து 80,000 ரூபாய் என்றால், அதில் 12,203 ரூபாய் வரி. பில் இல்லாமல் வாங்கினால் அதில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருகிறேன் என்று சொல்வோர் உண்டு. ஆனால் பில் இல்லாத கார்டு பழுதானால் உத்தரவாதம் கோர வழியில்லை. நுகர்வோர் என்று நிறுவவும் சான்றில்லை. பெரும்பாலான கார்டுகளுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. பில்லில் கார்டின் வரிசை எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது பெட்டியிலும் கார்டிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. அவை இல்லையெனில், முறையான வழியில் வராத பொருளோ என்று ஐயுறலாம். பின்னர் சிக்கல் எழுந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது பில்தான்.

பழைய கார்டு வாங்குவோர் ஒரு வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். 2020 முதல் 2022 வரை எத்தீரியம் என்னும் மெய்நிகர் நாணயத்தைத் தோண்ட உலகெங்கும் கிராஃபிக்ஸ் கார்டுகள் இரவுபகலாக ஓடின. கடைகளில் கார்டே கிடைக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அவ்வேலை ஒரே நாளில் நின்றது. அக்கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லவையும் உண்டு; ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்தவை பல. கண்முன் அரைமணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டாத கார்டுக்குப் பணம் தர வேண்டாம்.

கடனா, சேமிப்பா?

இனி நம் துறைக்கு வருவோம். 80,000 ரூபாயை ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையில் செலுத்தினால், மாதம் சுமார் 7,221 ரூபாய்; மொத்தம் ஏறத்தாழ 86,650 ரூபாய். வட்டி மட்டும் 6,650.

வட்டியில்லாத் தவணை என்ற விளம்பரம் கவர்ச்சியானது. வட்டியே இல்லாத கடன் என ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையிலேயே சுட்டிக்காட்டியது. இன்றைய முறையில், வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகத் தருகிறார். கிரெடிட் கார்டு வழங்கிய வங்கி அவ்வட்டியைத் தவணையில் வசூலிக்கிறது. மேற்கண்ட 80,000 ரூபாயில் அவ்வட்டி சுமார் 6,140 ரூபாய். அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 1,105 ரூபாய், வாடிக்கையாளர் தலையில் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. உடனடியாக ரொக்கம் தந்தால் கடைக்காரர் எவ்வளவு குறைப்பார் என்று கேட்டுப் பார்த்தால், வட்டியில்லாத் தவணையின் உண்மை விலை தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் கடுமையானது, கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவருவது. மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால், 80,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 2,800 ரூபாய். அதன் மீது வரி 504 ரூபாய். ஆட்டம் முடிந்த பின்னும் வட்டி ஆடிக்கொண்டிருக்கும்.

மாறாக, மாதம் 6,500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் ஓராண்டு போட்டு வந்தால், 6.5 விழுக்காடு வட்டியில் முடிவில் ஏறத்தாழ 80,800 ரூபாய் கையில் இருக்கும். கையிலிருந்து போட்டது 78,000. கடனில் வாங்கியவர் அதே கார்டுக்குத் தந்ததைவிட 8,650 ரூபாய் குறைவு.

காத்திருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. என்விடியாவின் 20 வரிசை 2018 செப்டம்பரிலும், 30 வரிசை 2020 செப்டம்பரிலும், 40 வரிசை 2022 அக்டோபரிலும், 50 வரிசை 2025 ஜனவரியிலும் வந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. 24 அல்லது 36 மாதத் தவணையில் வாங்குபவர், அடுத்த தலைமுறை கடைக்கு வந்த பின்னும் பழைய கார்டுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். இத்தகைய பொருளுக்குக் கடன் வாங்கியே தீர வேண்டுமானால், 12 மாதத்துக்கு மேல் போகாதிருப்பது நல்ல வரம்பு.

ஒரு பட்டியல் மாறிய விதம்

ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் மத்திய அரசு ஊழியர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்த மகனின் கணினிக்காக 2,40,000 ரூபாய்க் கடன் கேட்டு நம் கிளைக்கு வந்தார். மகனும் உடன் வந்திருந்தார். பட்டியலில் 5080 கார்டு இருந்தது, திரை இல்லை. வீட்டில் இருப்பது 24 அங்குல முழு எச்.டி. திரை, 60 ஹெர்ட்ஸ். 4கே திரையைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம் என்பது மகனின் எண்ணம். அந்தப் பின்னர் வரும் வரை, ஒரு லட்சத்து ஏழாயிரம் ரூபாய்க் கார்டின் ஆற்றலில் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கும் என்பதை அவரே கணக்கிட்டுப் பார்த்தார். மறுவாரம் வந்த பட்டியலில் 5070 கார்டும், 25,000 ரூபாயில் 27 அங்குல 1440 திரையும் இருந்தன. கார்டில் குறைந்த 48,000 ரூபாயில் திரை வந்து, கடனும் 23,000 ரூபாய் குறைந்தது. தந்தை தம் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியைப் போட, மீதித் தொகைக்குக் கடன் 12 மாதத்தில் முடிவதாக அமைந்தது. 4கே கிடைக்கவில்லை என்பதில் மகனுக்குச் சிறு குறை இருந்திருக்கலாம். ஆனால் வாங்கிய பொருள் முழுதும் முதல் நாளிலிருந்தே பயன்பட்டது.

வாங்கச் செல்லும் வாசகர்கள் ஒரு தாளில் ஐந்து வரிகளை எழுதி எடுத்துச் செல்லலாம். திரையின் துல்லியமும் ஹெர்ட்ஸும், அதற்கு வேண்டிய நினைவகம், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் கேபினெட்டும் சேர்ந்த மொத்த விலை. கடந்த மூன்று மாத மின்கட்டணத்தில் உள்ள யூனிட். மாதந்தோறும் தட்டுப்பாடின்றி ஒதுக்க முடிந்த தொகை. கடைசி வரியை முதலில் நிரப்புவது நன்று. மற்ற நான்கும் அதற்குள் அடங்கினால் அன்றே வாங்கலாம். அடங்காவிட்டால் தொடர் வைப்பைத் தொடங்கிவிட்டு வரலாம். நேரு பிளேஸ் எங்கும் போய்விடாது.